தூண்டிற்காரரின் நீர்க்காற்சட்டை: துணியும் தையலும் வளர்ந்த வரலாறு

ஓடும் ஆற்றின் நடுவே இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, இறகும் பட்டு நூலும் சுற்றிச் செய்த செயற்கை ஈயைத் தூண்டிலில் பூட்டி வீசி, டிரவுட் மீனையும் சால்மன் மீனையும் பிடிக்கும் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்னும் வினோதத்துக்கு இங்கிலாந்தில் ஐந்து நூற்றாண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. 1496-இல் வின்கின் டி வொர்டு அச்சிட்ட தூண்டில் நூலிலேயே பன்னிரண்டு வகை ஈக்களைக் கட்டும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், அந்தத் தூண்டிற்காரர் நனையாமல் நிற்பதற்கென்று ஏற்பட்ட ஆடைக்கு, அதாவது பாதம் முதல் மார்பு வரை ஒரே உறையாக அணியும் ‘வேடர்ஸ்’ என்ற நீர்க்காற்சட்டைக்கு, இன்னும் இருநூறு வயது நிரம்பவில்லை. இதன் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ரப்பர், நியோப்ரீன், கோர்-டெக்ஸ் என்று துணிகளின் வரிசையைச் சொல்லிவிட்டு அமைந்துவிடுகின்றனர். நமது அபிப்பிராயம் சிறிது வேறானது. நீர் புகாத துணி 1823-ஆம் ஆண்டிலேயே மனிதனுக்குக் கிடைத்துவிட்டது. அதன் பின்னர் நடந்த பிரயத்தனங்களில் பெரும்பகுதி, ஒரு துணியும் மற்றொரு துணியும் சேருகின்ற இடத்தைக் குறித்தே நடந்தது என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

ஐசக் வால்ட்டன் 1653-இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலும், அதன் 1676-ஆம் ஆண்டுப் பதிப்பில் டவ் நதிக்கரைவாசியான சார்ல்ஸ் காட்டன் ஈத்தூண்டிலைப் பற்றி எழுதிச் சேர்த்த பகுதியும் வெளிவந்த காலத்தில், கரையில் நின்று வீசுவதும், வேண்டியபோது உடுத்திய உடையுடனே நீரில் இறங்கி நனைவதும் தவிர வேறு உபாயம் இருக்கவில்லை. காட்டனுக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை மாறியதாகத் தெரியவில்லை. ட்வீட் நதியில் சால்மன் பிடிப்பதைப் பற்றி 1843-இல் நூல் எழுதிய வில்லியம் ஸ்குரோப், உள்சட்டையின் ஐந்தாவது பொத்தானுக்கு மேல் நீர் ஏறும் ஆழத்துக்குப் போகவேண்டாம் என்று எச்சரிக்கிறார். பனி உறையும் பிப்ரவரி மாதத்தில் இறங்கியவர், இடையே காலுறையைக் கீழே தள்ளித் தம் கால்களைச் சோதித்துப் பார்த்து, அவை கறுத்தோ ஊதா நிறமாகவோ இருந்தால் கரையேறுவது உசிதம் என்றும், வெறும் சிவப்பாக இருந்தால் தொடர்ந்து நிற்கலாம் என்றும் யோசனை சொல்லுகிறார். இதில் பரிகாசம் கலந்திருக்கிறது என்பது வெளிப்படை. எனினும், உயர்குடியில் பிறந்து வசதியாக வாழ்ந்த ஒருவர், குளிர்ந்த நீரைத் தடுக்கும் ஆடையைப் பற்றி எண்ணாமல் காலின் நிறத்தையே தமக்குத் துணையாகக் கொண்டிருந்தார் என்பது ஆராய்ச்சியாளனுக்குப் பயன்படும் சாட்சியம்.

இத்தனைக்கும் ஸ்குரோப் நூல் எழுதுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, அதே ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ நகரத்து ரசாயனத் தொழிலதிபரான சார்ல்ஸ் மக்கின்டாஷ் நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். விளக்கெரிக்கும் வாயு காய்ச்சும் ஆலைகளில் கழிவாகத் தேங்கிய நிலக்கரித் தாரிலிருந்து நாஃப்தா என்னும் திரவத்தை வடித்து, அதில் ரப்பரைக் கரைத்து, அக்கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டவைத்தார். துணி தன் மிருதுவை இழக்காமலே நீரை முற்றிலும் தடுத்தது. அப்படியானால் அதனை ஏன் ஆற்றில் அணியவில்லை? காரணங்கள் பல. வெயிலில் அந்த ரப்பர் இளகிப் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கம்பளியில் இயற்கையாக உள்ள நெய்ப்பசையோ அதனை அரித்தது. இவற்றினும் நமக்கு முக்கியமானது தையற்காரரைப் பற்றிய குறை. பழக்கமில்லாத இந்தத் துணியையும் அவர்கள் சாதாரணக் கம்பளியைத் தைப்பது போலவே ஊசியால் குத்தித் தைத்தனர். ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு வாயிலாயிற்று. ஆகவே மக்கின்டாஷின் கம்பெனியார் துணியை மட்டும் விற்பதை விட்டுத் தாமே ஆடை தைத்து, தையல்களின் மேல் ரப்பர் பூசிக் கொடுக்கவேண்டியதாயிற்று. துணியில் குற்றமில்லை; துளையில்தான் குற்றம் என்பது முதல் பத்தாண்டிலேயே பிரத்தியட்சமாகிவிட்டது.

ரப்பரின் சஞ்சல சுபாவத்தை அடக்கும் வித்தை 1839-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சார்ல்ஸ் குட்இயருக்குக் கைவந்தது. ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெப்பத்தில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைபெறுகிறது என்று கண்ட அவர், 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால், குட்இயரின் மாதிரித் துண்டுகளைப் பார்த்து ஆராய்ந்திருந்த லண்டன் தாமஸ் ஹன்காக், 1843 நவம்பரிலேயே இங்கிலாந்தில் அதே முறைக்கு உரிமை கோரி முந்திக்கொண்டார். ஸ்குரோப் தம் கால்களைச் சோதித்துக்கொள்ளச் சொன்ன நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. கடன்காரர் சிறையையும் கண்டு, 1860-இல் பெருங்கடனோடு இறந்த குட்இயரின் சரித்திரம் தனியே எழுதத்தக்கது. இங்கே அதற்கு இடமில்லை.

பதப்படுத்திய ரப்பர் கிடைத்தபின் காரியங்கள் விரைந்து நடந்தன. 1853-இல் ஹைராம் ஹட்சின்சன் பிரான்சிலும், 1856-இல் ஹென்றி லீ நோரிஸ் எடின்பரோவிலும் ரப்பர்க் காலணித் தொழிற்சாலைகளை நிறுவினர், இருவரும் அமெரிக்கர். ரப்பர் பூசிய முறுக்குநெசவுப் பருத்தித் துணியால் தொடைவரையிலும் மார்புவரையிலும் எட்டும் நீர்க்காற்சட்டைகள் விக்டோரியா மகாராணியின் காலத்தில் ஸ்பே, டே, ட்வீட் நதிக்கரைகளில் பழக்கத்துக்கு வந்தன. அக்காலத்துக் கனவான் ஒருவர் நீரில் இறங்க ஆயத்தமாவதைக் கவனித்தால், அந்த ஆடையின் பலமும் பலவீனமும் தெரியவரும். முதலில் தடித்த கம்பளிக் காலுறை. அதன்மேல் பாதத்தோடு சேர்ந்த நீர்க்காற்சட்டை. அதற்குமேல் மறுபடியும் ஒரு கம்பளிக் காலுறை. எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் இரும்பாணி அடித்த கனத்த தோற்காலணி. வெளிக் கம்பளி குளிருக்காக அன்று. காலணிக்குள் புகும் பொடிக்கற்கள் நீர்க்காற்சட்டையின் பாதத்தைத் தேய்த்துத் துளையிடாமல் தடுக்கும் மெத்தையாகவே அது அணியப்பட்டது. இன்றைய நீர்க்காற்சட்டையின் கணுக்காலில் காலணியின் வாயை மூடித் தொங்கும் கல்தடுப்பு மடிப்பு, இந்த வெளிக் காலுறையின் நேர் வாரிசு.

இத்தகைய ஆடையில் மற்றொரு சங்கடமும் இருந்தது. நீரை உள்ளே விடாத ரப்பர், உடம்பின் வியர்வையை வெளியேயும் விடாது. நாள் முழுதும் நடந்தவர் மாலையில் ஆடையைக் களைந்தபோது உள்ளுடுப்பு நனைந்திருக்கும். அது கசிவால் வந்த ஈரமா, வியர்வையா என்று சொல்ல வழியில்லை. குற்றமற்ற எத்தனையோ நீர்க்காற்சட்டைகள் இந்தச் சந்தேகத்தாலேயே ஒதுக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறோம்.

இந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருத்தல் தகும். ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலின் டபஜோஸ் நதிப் பிரதேசத்திலிருந்து கொணர்ந்த சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பரவிய ரப்பர்த் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை மூடியபோது, கங்காணிமார் அழைத்துச் சென்ற தமிழ்த் தொழிலாளர் விடியுமுன் எழுந்து மரந்தோறும் பால் வெட்டி, வாளியில் சேர்த்து, உறையவைத்து, ஷீட்டாக அடித்துப் புகைக்கூடத்தில் உலர்த்தினர். ஸ்காட்லாந்து ஆற்றில் பிரபுவின் காலை நனையாமல் காத்த ரப்பரில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது. தூண்டில் சரித்திரம் எழுதிய ஆங்கிலேயர் இதைக் குறிப்பிட மறந்துவிடுகின்றனர்.

மழையங்கியாகச் செம்மையாகப் பயன்படும் துணி ஆற்றில் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு விடை, நீரின் அழுத்தத்தில் இருக்கிறது. மழைத்துளி துணியின்மேல் விழுந்து வழிந்துவிடும். ஆற்று நீரோ விடாமல் அழுத்திக்கொண்டு நிற்கும். 120 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்பவரின் பாதத்தருகே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 120 கிராம் எடை அழுத்துகிறது. இதற்குமேல், பாறையில் முழந்தாளிட்டால் உடலின் பாரம் முழுவதும் இரண்டு சிறு வட்டங்களில் குவிகிறது. காலை உயர்த்தி அடுத்த பாறையில் வைக்கும்போது தொடையிடுக்கில் நான்கு தையல்கள் கூடும் முனை இழுபடுகிறது. பாதமும் முழங்காலும் தொடையிடுக்குமே முதலில் கசிவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ரப்பருக்கு வேறொரு பகையும் இருந்தது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும், மடித்து இழுபட்ட இடங்களில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். அலமாரியில் மடித்து வைத்த நீர்க்காற்சட்டை, அணியாமலே மடிப்புக் கோட்டில் பிளந்துவிடுவதுண்டு. இதற்கு ஓரளவு பரிகாரமாக 1930-இல் டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலிருந்த குழுவில் ஆர்னல்டு காலின்ஸ் செயற்கை ரப்பரான நியோப்ரீனைக் கண்டார். வாயுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் நுரையை 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஹியூ பிராட்னர் முக்குளிப்போர் உடைக்குப் பயன்படுத்தினார். 1980-களில் அது ஆற்றுக்கும் வந்தது. அதில் தையலுக்கு ஒரு நல்ல யுக்தி கையாளப்பட்டது: ஓரங்களை முதலில் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வெளிவராமல் பாதிக் கனத்துக்குள்ளேயே வளைந்து திரும்பும்படி தைத்தனர். துளையே இல்லாத தையல் என்று இதனைச் சொல்லலாம். குளிர்காலத்துக்கு நியோப்ரீனை மிஞ்ச ஒன்றுமில்லை. கோடையிலோ அது வியர்வைக் கூடம்.

நீர்க்காற்சட்டைக்குள் நீர் புகுந்தால் அது மனிதனை அடியில் இழுத்துவிடும் என்ற பயமும் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்கத் தூண்டில் வல்லுநர் லீ வுல்ஃப், பாட்டன்கில் நதியில் ஒரு பாலத்திலிருந்து நீர்க்காற்சட்டையோடு தலைகீழாகக் குதித்து நீந்திக் காட்டி அதனைப் பொய்ப்பித்தார். உள்ளே புகுந்த நீருக்கு வெளிநீரினும் எடை அதிகமில்லை; கரையேறும்போதுதான் பாரம். ஆயினும் வேகமான ஓட்டத்தில் நீர் நிறைந்த ஆடையோடு நீந்துவது கடினம். ஆதலால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் இறங்குவது அறிவீனம்.

வியர்வைப் பிரச்சினைக்கு வழி 1969-இல் திறந்தது. டெலவேர் மாநிலத்தில் ராபர்ட் கோர், சூடாக்கிய டெஃப்லான் குச்சிகளை மெதுவாக இழுத்து இழுத்து அவை முறிந்துபோவதைக் கண்டு சலித்து, ஒரு குச்சியைச் சட்டென்று வெடுக்கென இழுத்தார். அது முறியாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளை நிறைந்த வெண்படலமாயிற்று. 1976-இல் காப்புரிமை பெற்று, கோர்-டெக்ஸ் துணிக்கு அடிப்படையான அந்தப் படலத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு சுமார் 900 கோடி துளைகள். அவை நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, ஆவி வெளியேறப் போதுமான அளவுக்குப் பெரியவை. முதலில் வந்த படலம் உடல் எண்ணெயால் பழுதடைந்து கசிந்தது; பிறகு உட்புறம் மெல்லிய பாலியூரிதேன் பூசி அதைத் தீர்த்தனர். தையலின் ஊசித்துளைகளை மூட, உள்ளே நாடா வைத்துச் சூட்டில் ஒட்டினர். மக்கின்டாஷ் காலத்துத் தையற்காரரின் குற்றத்துக்குச் செம்மையான பரிகாரம் இந்த நாடாவே.

1980-இல் வயோமிங்கில் தொடங்கிப் பின்னர் மொன்டானாவின் போஸ்மனுக்குப் பெயர்ந்த சிம்ஸ் கம்பெனி, 1990-களில் கோர்-டெக்ஸை நீர்க்காற்சட்டைக்குக் கொணர்ந்தது. அத்துணியைவிட நாம் பெரிதாகக் கருதுவது பின்னர் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தை: நடக்கும்போது ஒரு காலோடு மற்றொரு கால் உராயும் உட்தொடையிலிருந்த தையலைக் காலின் முன்னும் பின்னுமாகப் பல கம்பெனியார் மாற்றி அமைத்தனர். 2022 முதல் ஃபுளோரின் கலவாத பாலிஎதிலீன் படலம் ஆடைகளில் வரத் தொடங்கியிருக்கிறது. அதன் ஆயுளைக் காலந்தான் சொல்லவேண்டும். காலணிக்கு நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட் அடியோ, பாசிப் பாறையில் வழுக்காதாயினும், ஈரத்தோடு நுண்பாசியை ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் என்ற காரணத்தால் 2008-இல் நியூசிலாந்தில் விலக்கப்பட்டது.

இவ்வரலாற்றை அறிந்தவர் கடையில் செய்யவேண்டியது யாது? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் துணியின் பெயரைச் சிறிது நேரம் மறந்து, ஆடையின் உட்புறத்தைப் புரட்டி, தொடையிடுக்கில் நாடாக்கள் கூடும் இடத்தையும், காற்சட்டைத் துணி நியோப்ரீன் பாதத்தோடு சேரும் வளையத்தையும் நகத்தால் நெருடிப் பார்க்கவேண்டும்; ஓரம் எழும்பினால் அதை அங்கேயே வைத்துவிடலாம். அணிந்துகொண்டு ஒரு காலை நாற்காலிமேல் வைத்துக் குந்திப் பார்க்கவேண்டும்: தொடையில் இழுத்தால் தையல் விரைவில் பிரியும், மிகத் தொளதொளத்தால் துணி துணியோடு உராய்ந்து தேயும். வாங்கியபின் ஈரம் தென்பட்டால் உடனே கடைக்காரரை ஏசவேண்டாம். ஈரம் பரவலாக இருந்தால் வியர்வை. ஓரிடத்தில் குளிர்ந்து நின்றால் கசிவு. கோர்-டெக்ஸ் ஆடையை உட்புறம் வெளியாகத் திருப்பி, மருந்துக்கடையில் விற்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால் துளையுள்ள இடம் கறும்புள்ளியாகத் தெரியும். அங்கே ஒரு துளி யூரிதேன் பசை வைத்து ஓர் இரவு உலரவிட்டால் போதும். ரப்பர் ஆடையானால் இருட்டறையில் உள்ளே விளக்கைச் செலுத்திப் பார்க்கலாம். எந்த ஆடையானாலும் மடித்து வைக்காமல், வெயில் படாத இடத்தில் உலர்த்தித் தொங்கவிடுக. பசைக் குழாய் ஒன்றை ஆடையோடு சேர்த்தே வாங்கிவிடுக. அதன் விலை சொற்பம்.