எபிசோட் 31: கெலவரப்பள்ளின்னு எழுத எத்தனை லைப்ரரி வேணும்?

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க திருத்தியிருக்கேன்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "அண்ணா, ஆண்ட்ராய்டு ஆப் எழுத ஆரம்பிக்கிறேன், எந்தெந்த லைப்ரரி கத்துக்கணும்? டாப் டென் சொல்லுங்க." சொல்லலாம். நெட்வொர்க்குக்கு ரெட்ரோஃபிட், படம் காட்ட கிளைட், போன்லயே டேட்டா வைக்க ரூம். இந்த லிஸ்ட் எங்க தேடினாலும் கிடைக்கும்.

இன்னிக்கு நான் பேசப்போறது அந்த லிஸ்ட்ல வராத லைப்ரரிகளைப் பத்தி. கிரேடில் ஃபைல்ல அதோட பேரை நீங்க எழுதவே மாட்டீங்க. ஆனா அது இல்லன்னா உங்க ஆப்ல ஒரு தமிழ்ப் பேர்கூட ஒழுங்கா வராது. அதோட வரலாறு எனக்குத் தெரியாததால நாலு பேருக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தொரப்பள்ளி: 0 பேர்

நான் இருக்கிறது கெலவரப்பள்ளி. ஓசூர்ப் பக்கம், தென்பெண்ணை ஆத்து அணை இருக்கிற ஊர். பெங்களூர்ல இருந்து வர்ற கழிவால அணைத் தண்ணி நுரை நுரையா பொங்குறதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க, அதே ஊர்தான். ஓசூர் சிப்காட்ல ஒரு சின்ன கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) கம்பெனி பஸ் ஆப் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். எந்த ஊர்ல எத்தனை பேர் ஏறணும்னு டிரைவர் போன்ல காட்டணும், அவ்வளவுதான் வேலை.

ரெண்டாவது வாரம் காலையில அஞ்சரை மணிக்கு டிரைவர் போனைப் பார்க்கிறார். "தொரப்பள்ளி: 0 பேர்"னு இருக்கு. ஆளே இல்லாத ஸ்டாப்ல எதுக்கு நிறுத்தணும்னு நேரா போயிட்டார். அங்க நாலு பேர் நின்னுட்டு இருந்தாங்க. வேற வண்டி பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள ஏ ஷிஃப்ட் ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம். அரை நாள் கட். அதுல மூத்தவர் ஒருத்தர் மதியம் என்னைப் பிடிச்சுக் கேட்டார்: "ஏம்ப்பா தம்பி, ராஜாஜி பொறந்த ஊருப்பா எங்க ஊரு. அது உன் கம்ப்யூட்டருக்குத் தெரியலையா?"

பதில் சொல்ல முடியல. டேட்டாவைத் திறந்து பார்த்தேன். ஸ்டாப் லிஸ்ட்லயும் தொரப்பள்ளி, அவங்க முகவரியிலயும் தொரப்பள்ளி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா கோடு ரெண்டும் வேற வேறன்னு சொல்லுது. நீளத்தை எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு 10, இன்னொண்ணு 11. அந்த ஒண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினப்போ முப்பது வருஷத்துக்கும் மேல பின்னாடி போக வேண்டியிருந்தது.

எழுத்து எட்டு, எண் பன்னெண்டு

"கெலவரப்பள்ளி"ல எத்தனை எழுத்து? கெ, ல, வ, ர, ப், ப, ள், ளி. எட்டு. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைகூட சொல்லிடும். உங்க ஆப்ல நீளம் கேட்டா 12னு வரும். ஏன்னா மெஷினுக்கு "கெ"ங்கிறது ரெண்டு எண்: முதல்ல க, அப்புறம் ஒற்றைக்கொம்பு. "ப்"ங்கிறது ப, அப்புறம் புள்ளி.

இந்த ஏற்பாடு இந்திய அரசோட இஸ்கி குறியீட்டுல இருந்து வருது. பல இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சுல ஒரு அட்டவணை போட்டாங்க. 1991ல யூனிகோடோட முதல் பதிப்பு வந்தப்போ 1988ல வந்த இஸ்கி அட்டவணையை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. தமிழுக்கு 128 இடம். தேவநாகரியில இருந்து தமிழ்ல இல்லாத எழுத்துக்கெல்லாம் அங்க காலி இடம் விட்டிருக்கும். ன, ற, ழ மூணும் தேவநாகரி வரிசைக்கு ஏத்த மாதிரி ந, ர, ள-வுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்.

இதுல ஒரு சிக்கல். மெமரியில க முதல்ல, கொம்பு பின்னாடி. ஆனா திரையில கொம்பு முன்னாடி வரணும். யாராவது ஒருத்தர் இடம் மாத்தி வைக்கணும். யார் அது?

கட்டம் கட்டமா தெரிஞ்ச காலம்

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்க மாமா ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினார். 2.3 வெர்ஷன். தமிழ் சைட்டைத் திறந்தா வரிசையா காலிக் கட்டம். உள்ள தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்துருவை எப்படியோ ஏத்தினாலும் கொம்பை இடம் மாத்துற ஆள் இல்லாததால கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும்.

அப்போ எல்லாரும் பண்ண டிரிக் ஞாபகம் இருக்கா? ஓபரா மினியில அட்ரஸ் பார்ல ஓபரா கான்ஃபிக்னு அடிச்சு, கடைசியா இருக்கிற பிட்மேப் ஃபான்ட் ஆப்ஷனை எஸ்னு மாத்துவோம். அவங்க சர்வர் தமிழை எழுத்தா அனுப்பாம படமா அனுப்பும். படிக்கலாம், காப்பி பண்ண முடியாது.

தமிழ்ல ஆப் எழுதினவங்களுக்கு அந்த டிரிக்கும் கிடையாது. அதனால பழைய டிடிபி சென்டர் வழியைப் பிடிச்சாங்க. பாமினி மாதிரி ஒரு எழுத்துருவை ஆப்புக்குள்ளேயே வச்சு அனுப்புறது. பாமினியில உண்மையில இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், உருவம் மட்டும் தமிழ். "கெ" வேணும்னா முதல்ல "என்" அடிக்கணும், அது கொம்பா தெரியும். அப்புறம் "எஃப்", அது க-வா தெரியும். கண் பார்க்கிற வரிசையிலேயே அடிக்கிறதால இடம் மாத்த ஆளே வேண்டாம். யூனிகோடை இந்த மாதிரி எழுத்துருக்கு மாத்திக் கொடுக்கிற குட்டி குட்டி லைப்ரரிகள் கைமாறிக்கிட்டே இருந்துச்சு.

இதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கு வேற வழி இல்ல. கம்ப்யூட்டர்ல தமிழ் உயிரோட இருந்ததே இப்படிப்பட்ட கைவேலையாலதான். மலேசியாவுல முத்து நெடுமாறன் 1980கள்லயே முரசு அஞ்சல் செய்யலன்னா, 2005ல சிங்கப்பூர்ல செல்லினம் வழியா போன்ல தமிழ்ல எஸ்எம்எஸ் போகலன்னா, "தமிழ்ல யாரு டைப் பண்றாங்க?"ன்னு பெரிய கம்பெனிங்க கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்.

ஈரான்காரர் வச்ச கொம்பு

அந்த இடம் மாத்துற ஆள் கடைசியில வந்தார். பேரு ஹார்ஃப்பஸ். பாரசீகத்துல "ஹர்ஃப்"னா எழுத்து, "பாஸ்"னா திறந்தது. ஓப்பன் டைப்புங்கிற எழுத்துரு முறையோட பேரை அப்படியே பாரசீகத்துல மாத்திக்கிட்டாங்க. கிருஷ்ணகிரியில உருது பேசுற நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க, ஹர்ஃப்னா என்னன்னு உடனே சொல்லுவாங்க.

இது ஃப்ரீடைப்ங்கிற திறந்த மூல எழுத்துரு புராஜெக்ட்ல இருந்த கோடுல ஆரம்பிச்சது. அப்புறம் ஈரான்ல பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பூத் அதை அடியிலிருந்து திரும்ப எழுதினார். எண் வரிசையைக் கொடுத்தா எந்த உருவம் எந்த இடத்துல வரணும்னு கணக்குப் போட்டுக் கொடுக்கும். அரபி, தமிழ், கன்னடம், தெலுங்குன்னு எல்லாத்துக்கும் ஒரே லைப்ரரி. இன்னிக்கு ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு எல்லாத்துக்குள்ளயும் இது இருக்கு.

2011 அக்டோபர்ல வந்த ஆண்ட்ராய்டு 4.0 வரிசையில இருந்து நிலைமை மாற ஆரம்பிச்சது. 2014ல 5.0 வந்தப்போ மினிகின்னு ஒரு லைப்ரரி சேர்ந்து, அது ஹார்ஃப்பஸ் மேல உட்கார்ந்தது. எழுத்துருக்கு கூகுளோட நோட்டோ குடும்பம். காலிக் கட்டத்துக்கு டோஃபுன்னு செல்லப்பேர். "இனி டோஃபு இல்லை"ங்கிறதுதான் நோட்டோ. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் தமிழ்லயும் பக்கத்துல இருக்கிறவர் தெலுங்குலயும் அடுத்தவர் கன்னடத்துலயும் வாட்ஸ்அப் பார்க்கிறாங்கன்னா, மூணு போன்லயும் எழுத்தை அடுக்கிக் கொடுக்கிறது ஒரே ஆள்தான்.

அந்த பதினொண்ணாவது எண்

இப்போ தொரப்பள்ளிக்கு வருவோம். "தொ"ல கொம்பும் காலும் ரெண்டும் இருக்கு. யூனிகோட்ல இதை ரெண்டு விதமா எழுதலாம்: "ொ"ன்னு ஒரே எண்ணா, இல்லன்னா "ெ", "ா"ன்னு ரெண்டு எண்ணா. ரெண்டும் சமம்னு யூனிகோட் விதியே சொல்லுது. ஹார்ஃப்பஸ் ரெண்டையும் ஒரே மாதிரிதான் வரையும்.

அந்தக் கம்பெனியோட ஆள் லிஸ்ட் பல வருஷமா பாமினியில இருந்த எக்ஸெல். யாரோ ஒரு கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோட் ஆக்கியிருக்காங்க. பாமினியில கொம்பும் காலும் தனித்தனி கீ. அந்தக் கன்வர்ட்டர் சேர்க்காம அப்படியே ரெண்டா விட்டுடுச்சு. ஸ்டாப் லிஸ்ட்டை நான் கீபோர்டுல அடிச்சேன், அது ஒண்ணா வந்துச்சு. பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல இருந்தது இவ்வளவுதான். எங்க ஊர் தப்பிச்சது. "கெ"ல கொம்பு மட்டும்தான், பிரிக்க ஒண்ணும் இல்ல.

பாமினி காலத்துல அவசரத்துக்குப் பண்ண வேலையோட பில் இத்தனை வருஷம் கழிச்சு, பஸ் ஸ்டாப்ல நின்ன நாலு பேர்கிட்ட வந்திருக்கு. அந்த ரெண்டையும் ஒரே மாதிரி அழகா வரைஞ்சு காட்டினதால நானும் ஏமாந்தேன்.

அப்போ எதைக் கத்துக்கணும்?

கேட்டதுக்குப் பதில் சொல்லாம விடக்கூடாது. மூணே விஷயம். மூணுமே ஆண்ட்ராய்டுக்குள்ள ஏற்கனவே இருக்கு, டவுன்லோடுகூட பண்ண வேண்டாம்.

ஒண்ணு, நார்மலைசர். வெளியில இருந்து எந்தத் தமிழ் டேட்டா வந்தாலும் சேமிக்கிறதுக்கு முன்னாடி என்எஃப்சி வடிவத்துக்கு மாத்துங்க. ஒரு வரி கோடு. அன்னிக்கு நான் எழுதாத வரி அதுதான்.

ரெண்டு, கொலேட்டர். பேர்களை வரிசைப்படுத்த வெறும் சார்ட் போட்டா எண் வரிசையில போகும். அங்க ன-வுக்கு அப்புறம்தான் ப. அதனால கனகா முதல்ல, கபிலன் அப்புறம். நம்ம அகராதியில ன கடைசி மெய், கபிலன்தான் முதல்ல வரணும். கொலேட்டருக்கு மொழி தமிழ்னு சொன்னா சரியா அடுக்கும்.

மூணு, பிரேக் இட்டரேட்டர். ப்ரொஃபைல் வட்டத்துல முதல் எழுத்தைப் போடுவீங்கல்ல? முதல் எண்ணை எடுத்தா ரோஜாவுக்கு "ர"ன்னு வரும். இது "ரோ"ன்னு முழுசா எடுத்துக் கொடுக்கும். இதோட முழு சக்தி வேணும்னா ஐசியூங்கிற பெரிய லைப்ரரி 2016ல வந்த ஆண்ட்ராய்டு 7ல இருந்து நேரடியா கிடைக்குது.

ஒண்ணை மட்டும் எந்த லைப்ரரியும் சரி பண்ணாது. எங்க டவுன் பேரை பாதி பேர் ஓசூர்னு எழுதுறாங்க, பாதி பேர் ஒசூர்னு எழுதுறாங்க. அதை நாமதான் பேசி முடிக்கணும்.

அந்த நாலு பேர் சம்பளத்தை என் பில்லுல கழிச்சுக்கச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெரியவர் டிரைவர் போனை வாங்கிப் பார்த்தார். "தொரப்பள்ளி: 4 பேர்". "இப்ப தெரியுதா ஊரு?"ன்னு கேட்டுட்டு பஸ்ல ஏறிட்டார்.

உங்க ஆப்ல உங்க ஊர் பேர் எத்தனை எண்ணா வருதுன்னு எண்ணிப் பார்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டா?