ஆதாரம் எழுதிய கை: திருவிதாங்கூரில் நிலம் கைமாறிய வரலாறு

நெடுமங்காட்டிலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்தில் உள்ளது கல்லாறு. வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் கல்லாற்றின் பெயரையே ஊரும் கொண்டிருக்கிறது. காப்புக்காடு, காணிக்காரர் குடியிருப்பு, தேயிலைத் தோட்டம், ரப்பர் பயிரிட்ட சிறுநிலம், வீட்டுமனை ஆகியவை இம்மலைச்சரிவில் அருகருகே கிடக்கின்றன. இங்கு ஐந்து சென்ட் மனையும் வீடும் வாங்க முனைபவர், விலை பேசி முடித்த கையோடு எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ஆதாரத்தை யாரைக் கொண்டு எழுதுவது?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் எனப்படுவதே கேரளத்தில் ஆதாரம். அதை எழுதித் தருபவர் ஆதாரம் எழுதுபவர். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் ஊரிலுள்ள ஒரு சொலிசிட்டரைத் தேடுவதுபோல, திருவிதாங்கூர்ப் பகுதியில் மக்கள் தலைமுறைகளாக இவரைத் தேடி வந்துள்ளனர். எழுத்தறிவு பரவிய பின்னும், வழக்கறிஞர்கள் பெருகிய பின்னும் இத்தேவை மறையவில்லை. அழகான கையெழுத்தோ வடிவான வாசகமோ இதற்குக் காரணமன்று. நிலத்தைப் பற்றிய ஊரின் நினைவு அவரிடம் இருந்தது. அரசு அந்த நினைவுக்கு மாற்றாக எதையும் முழுமையாக உருவாக்கவில்லை. அதே வேளையில், அந்த நினைவில் யார் இடம்பெற்றனர், யார் விடுபட்டனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

ஓலைக் காலத்தில் எழுதியவரின் கையே ஆவணத்துக்கு உறுதி. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபை சுந்தரர்மீதான ஆளோலை வழக்கை விசாரிக்கும் முறை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. படியோலை கிழிக்கப்பட்டபின் மூல ஓலை சபைமுன் வைக்கப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. ஒத்திருப்பதால் ஆவணம் நிலைபெறுகிறது. மூலம், படி, கையெழுத்து ஒப்பீடு, சபையின் காப்பு ஆகிய நான்கையும் அக்காலக் கேட்போர் விளக்கமின்றியே புரிந்துகொண்டிருக்க வேண்டும். கல்வெட்டுகளில் பதிவான நில விற்பனைகளும் இதே ஒழுங்கில் அமைந்தவை. கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என நான்கெல்லை கூறி, விலை கூறி, சாட்சியர் கையெழுத்திட்டபின், எழுதிய கணக்கனும் தன் பெயரைச் சொல்லி முடிப்பான்.

நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்ட ஓலைகள், தென் திருவிதாங்கூரில் இம்மரபு நெடுங்காலம் நீடித்ததற்குச் சான்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனப்படுத்திய இவ்வோலைகளை அ.கா. பெருமாள் பின்னர் விரிவாக ஆராய்ந்தார். கொல்லம் ஆண்டு குறித்து, மலையாளச் சொற்கள் கலந்த தமிழில் எழுதப்பட்ட அவற்றில் விலையோலையும் ஒற்றியோலையும் உள்ளன. மனிதரை விற்ற அடிமை ஓலைகளும் உள்ளன. நிலத்துக்கு எல்லை எழுதிய அதே முறையும் ஒழுங்கும் ஆளை விற்கவும் பயன்பட்டன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆவணம் பிழையின்றி எழுதப்பட்டிருப்பது ஒன்று, அது நியாயமானதாக இருப்பது வேறொன்று என்பதற்கு இவ்வோலைகளைவிட வலிய சான்று தேவையில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை வேகமாக மாறியது. ஆயில்யம் திருநாள் ஆட்சியில், தி. மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865இல் பட்டம் பிரகடனம் வெளியானது. அரசுப் பாட்ட நிலங்களைப் பயிரிட்டு வந்த குடிகளுக்கு அது உரிமை அளித்தது. அந்நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் வழி திறந்தது. நிலம் பெருமளவில் சந்தைக்கு வந்தது. 1886ஆம் ஆண்டின் நிலவரித்திட்டப் பிரகடனத்தைத் தொடர்ந்து, நில அளவையும் வரி நிர்ணயமும் சமஸ்தானம் முழுவதும் நடந்தேறின. அளவை எண், தண்டப்பேர், கரம், போக்குவரவு ஆகிய சொற்கள் ஊர்வழக்கில் வேரூன்றின.

ஆவணப் பதிவுமுறையும் இக்காலத்தில்தான் நிலைபெற்றது. எழுதியவரின் கையில் இருந்த உறுதி, பதிவாளரின் முத்திரைக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் அரசு ஏற்றுக்கொண்ட பொறுப்பு வரம்புக்குட்பட்டது. ஆவணம் எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதற்கு அரசு சாட்சியானது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்கு அது சாட்சியாகவில்லை. இன்று நடப்பிலுள்ள 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் இவ்வடிப்படையிலேயே இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1)ஐ 2025 ஏப்ரலில் செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று என்பதை மீண்டும் உறுதிப்படுத்தியது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கு 1804 முதல், கூலி பெற்றுச் சொத்து மாற்ற ஆவணம் தயாரிக்கும் உரிமை ஏறக்குறைய முழுவதும் சட்டத் தொழிலரிடமே இருந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம்தான் உரிமம் பெற்ற தனி ஆவணத் தொழிலருக்கு வழிவிட்டது. 1862இல் தோன்றிய நிலப்பதிவகம் காலப்போக்கில் உரிமைக்கே அரசு உறுதி தரும் அமைப்பாக வளர்ந்தது. பொதுவாக வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு மற்றொருவர் என்பதே அங்குள்ள நடைமுறை. கேரளத்தில் முத்திரைச் செலவும் எழுத்துக்கூலியும் வாங்குபவர் கையிலிருந்து போகின்றன. விற்பவரின் உறுதிமொழிகளை எழுதுபவரும் அதே கூலியைப் பெறுபவர்தான். இரு தரப்புக்கும் ஒரே பேனா என்ற இந்த அமைப்பு செலவைக் குறைத்தது. வாங்குபவர் சார்பில் மட்டும் நின்று ஐயம் எழுப்ப வேண்டிய ஒருவரின் இடத்தை அது காலியாகவே விட்டது.

உரிமைக்கு அரசு உறுதி தராத இடத்தில், உள்ளூர் எழுத்தரின் அறிவுக்கு விலை உயர்ந்தது. முன்னாதாரம் எது, அதற்கு முந்தையது எது, இடையில் ஒற்றி மீட்கப்பட்டதா, போக்குவரவு நடந்ததா, கரம் யார் பெயரில் கட்டப்படுகிறது, ஆதாரத்தில் கிழக்கெல்லையாகக் குறித்த தோடு இப்போது எங்கே ஓடுகிறது என்பனவற்றை அவர் அறிந்திருந்தார். குடும்ப வரலாறு அவருக்கு இன்னும் இன்றியமையாதது. மருமக்கள்தாயத் தறவாட்டுச் சொத்தைக் காரணவர் தம் விருப்பப்படி விற்க இயலாது. தறவாட்டின் தேவையையும் பிற உறுப்பினரின் சம்மதத்தையும் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. 1912, 1925ஆம் ஆண்டுகளின் நாயர் ஒழுங்குமுறைச் சட்டங்களும் 1925ஆம் ஆண்டின் ஈழவர் சட்டமும் தறவாடுகள் பாகம் பிரிய வழிசெய்தன. கேரளத்தின் 1975ஆம் ஆண்டுக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் அம்முறைக்கே முடிவுகட்டியது. இவற்றுள் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்ட ஆதாரம் என்பதைப் பொறுத்து, கையெழுத்திட வேண்டியவர் பட்டியல் மாறும். அப்பட்டியலைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரையே ஊர் நல்ல எழுத்தர் என்றது. 1960ஆம் ஆண்டின் கேரள ஆவண எழுத்தர் உரிம விதிகள் இத்தொழிலை உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் அதற்கிணையான விதிகள் 1982இல் வந்தன.

ஊர் நினைவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை மூன்று சட்ட நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது, மகள்களின் பங்கு. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அச்சட்டம் நடப்பில் இல்லை என்றது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில், மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற சொத்துகளின் உரிமை ஐயத்துக்குள்ளானது. எழுத்தர்கள் தம் ஊர்வழக்கைத் தவறாக நினைவுகூரவில்லை. மகளைக் கணக்கில் கொள்ளாத வழக்கத்தையே மிகச் சரியாகப் பின்பற்றியிருந்தனர்.

இரண்டாவது, பழங்குடி நிலம். காணிக்காரர்களின் நில உறவு, மூட்டுக்காணியின் தலைமையிலான வழக்காற்றில் நின்றது. முன்னாதாரம் என்ற ஒன்று அதில் இல்லை. பழங்குடியினர் நிலக் கைமாற்றைத் தடுக்கும் கேரளத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம், 1960 முதல் 1982 ஜனவரி வரை பழங்குடியினரிடமிருந்து பிறருக்குச் சென்ற நிலக் கைமாற்றங்களைச் செல்லாதவை என்றது. மீட்பு பெரும்பாலும் நடக்கவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்தை வாங்கியவரே வைத்துக்கொள்ளவும், இழந்தவருக்கு மாற்றுநிலம் தரவும் வகைசெய்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் உரிமையோ வாரிசுக்குச் செல்லும், விலைக்குச் செல்லாது. கல்லாறு போன்ற ஊரில், விற்பவர் யார் என்பதோடு, அவருக்கு முன் அந்நிலத்தில் இருந்தவர் யார் என்று கேட்பதும் இதனால் சட்டத்தின் கேள்வியாகிறது.

மூன்றாவது, காடு. 2003ஆம் ஆண்டின் சூழலியல் நொய்மை நிலச் சட்டம், அத்தகைய நிலங்களை எல்லா வில்லங்கங்களினின்றும் நீங்கியனவாக அரசுக்கு உரித்தாக்கியது. சில ஆண்டுகளில், பொன்முடியின் மெர்ச்சிஸ்டன் தோட்டத்தில் சுமார் 80 ஏக்கர் நிலம் இந்திய விண்வெளித் துறையின் கல்வி நிறுவனத்துக்காக விலைக்கு வாங்கப்பட்டது. அந்நிலம் ஏற்கெனவே அரசுக்கு உரித்தானதா என்ற கேள்வி எழுந்து பெரும் சர்ச்சையானது. நிறுவனத்தின் வளாகம் இறுதியில் நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் அமைந்தது. நாட்டின் முன்னணி அறிவியல் அமைப்புக்கே இந்நிலை நேர்ந்த மலையில், ஐந்து சென்ட் வாங்குபவர் பதிவு முத்திரையை மட்டும் நம்ப முடியாது.

மூன்று நிகழ்வுகளுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. எழுத்தரின் நினைவு ஓலையிலும் ஆதாரத்திலும் இடம்பெற்றவர்களின் நினைவு. மகளும் காணிக்காரரும் காடும் அதில் தரப்பினராக இடம்பெறவில்லை. பிற்காலச் சட்டங்கள் அவர்களைத் தரப்பினராக்கியபோது, ஒழுங்காக எழுதப்பட்ட ஆதாரங்களே ஐயத்துக்குரியவையாயின. ஆகவே உள்ளூர் எழுத்தரைத் தேர்வதில் இரண்டு தகுதிகள் தேவைப்படுகின்றன: ஊரறிவு, அந்த அறிவின் குறை எங்கே என்ற தெளிவு. 30 ஆண்டு வில்லங்கச் சான்று தூய்மையாக இருக்கிறது என்று சொல்பவர் முதல் தகுதியைக் காட்டுகிறார். கையெழுத்திடாத சகோதரி எங்கே, பட்டயம் எந்தச் சட்டத்தின்கீழ் கிடைத்தது, அதில் கைமாற்றத் தடை உண்டா, வனத்துறையின் அறிவிக்கையில் இவ்வளவை எண் இருக்கிறதா என்று கேட்பவரே இரண்டாம் தகுதியையும் உடையவர். அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் கிரயத்துக்குக் கூலி கிடைப்பதில்லை என்பதுதான் இத்தொழிலின் பழைய இடர்ப்பாடு.

2022 நவம்பரில் கேரளம் எண்ணியல் மறு அளவையைத் தொடங்கியது. எல்லைகள் செயற்கைக்கோள் துணையோடு வரையப்படுகின்றன. வருவாய், பதிவு, அளவைத் துறைகளின் தரவுகள் இணைக்கப்படுகின்றன. தோடு எங்கே ஓடியது என்று முதியவரைக் கேட்கும் தேவை இதனால் குறையலாம். ஆனால் வரைபடத்தில் ஏறுவது, அளவையின்போது எல்லைக்கல் அருகே நின்று தன் உரிமையைச் சொன்னவரின் நிலமே. அன்று அங்கு வர இயலாத சகோதரிக்காகவும், காகிதமில்லாத காணிக்குடும்பத்துக்காகவும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள், புதிய பதிவேட்டிலும் ஒரு மனிதர் எழுப்பினால்தான் எழும்.