ஃப்ரீ ராடிகலைப் பிடித்த கதை

"ஃப்ரீ ராடிகல்" என்ற பெயரை இப்போது முகப்பூச்சு விளம்பரத்தில்கூடக் கேட்கிறோம். பெரும்பாலும் கண்சிமிட்டும் நேரம்கூட நிலைக்காத அந்த ஆசாமியை உடலுக்குள் எப்படிப் பிடித்தார்கள்?

1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் காம்பர்க், ட்ரைஃபீனைல்மீத்தைல் என்ற நிலையான ராடிகலைத் தயாரித்தார். 1944-இல் கசான் நகரில் ஸவாய்ஸ்கி, இணையில்லாத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் அடையாளம் காணும் ஈ.எஸ்.ஆர். முறையைக் கண்டுபிடித்தார். 1954-இல் பாரி காமனர் குழு அதை உயிர்த்திசுக்களில் பயன்படுத்தியது. ஆனால் ஒரு சிக்கல். திசுவிலுள்ள நீர் மைக்ரோவேவை விழுங்கிவிடும். அதனால் திசுவை உறையவைத்து உலர்த்தினார்கள். உயிரைப் பார்க்க உயிரை எடுக்க வேண்டியிருந்தது! உலர்த்துவதே புது ராடிகல்களை உண்டாக்கலாம் என்பதும் பின்னால் தெரிந்தது.

1960-களின் இறுதியில் 'ஸ்பின் ட்ராப்' வந்தது. ராடிகலோடு சேர்ந்து சற்று நேரம் நீடிக்கும் பொருளை வைத்துப் பிடிப்பது, எலிப்பொறி மாதிரிதான்.

இதில் நம்மூர்ப் பங்கும் உண்டு. காட்டாங்குளத்தூரில் ரயிலேறி கிண்டியில் இறங்கினால் பக்கம்தான் சென்னை ஐ.ஐ.டி. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், பின்னர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் உயிருள்ள எலிக்குள்ளேயே படமெடுக்கும் முறையை வளர்த்த குழுவில் முக்கியமானவர். ஊசியில் செலுத்துவது காம்பர்க் கண்ட குடும்பத்தின் வாரிசான ட்ரைட்டில் ராடிகல். புற்றுக்கட்டியில் ஆக்சிஜன் குறைந்த இடங்களை அது காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எளிதில் மசியாத இடங்களும் அவைதான்.

பிடிக்கப் போன ஆசாமியையே ஒற்றனாக அனுப்பிவிட்டார்கள், பாருங்கள்!