ரேண்ட்விக் பணிமனையும் ஓர் அட்டையும்: சிட்னி டிராம் தொழிலாளர் வரலாறு

1917 ஆகஸ்ட் 2 அன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ரேண்ட்விக் டிராம் பணிமனையின் ஏறத்தாழ 1,100 தொழிலாளர்களும் ஈவ்லி ரயில்வே பணிமனையின் ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கும்படியும் கேட்கவில்லை. நிர்வாகம் புகுத்திய ஓர் அட்டையைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே கோரிக்கை. சில வாரங்களுக்குள் சுரங்கம், துறைமுகம், கப்பல் எனப் பல துறைகளுக்கும் பரவி, நாடெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பங்கேற்ற பெரும் வேலைநிறுத்தமாக அது வளர்ந்தது.

ஓர் அட்டைக்காக இத்தனை பேர் ஏன் பட்டினியை ஏற்றனர்? இக்கேள்விக்கு விடை காண, டிராம் பணிமனை எத்தகைய இடம் என்பதிலிருந்து நாம் தொடங்க வேண்டும்.

சிட்னியில் நீராவி டிராம் 1879இல், அவ்வாண்டின் பன்னாட்டுக் கண்காட்சியை ஒட்டித் தொடங்கியது. முதல் இழுவை இயந்திரங்கள் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவிலுள்ள பால்ட்வின் ஆலையிலிருந்து வந்தன. கண்காட்சி முடிந்ததும் அகற்றிவிடலாம் என்றிருந்த ஏற்பாடு நிலைபெற்றுவிட்டது. பாதைகள் புறநகர்களுக்கு நீண்டன. 1899 டிசம்பரில் ஜார்ஜ் தெருவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதற்கு மின்சாரம் தர அல்டிமோவில் எழுப்பப்பட்ட மின்நிலையக் கட்டடம் பின்னாளில் அருங்காட்சியகமாயிற்று. தனியார் குழுமங்கள் டிராம் நடத்திய பல நகரங்களைப் போலன்றி, சிட்னியின் டிராம்கள் நியூ சவுத் வேல்ஸ் அரசின் ரயில்வே, டிராம்வே நிர்வாகத்தின் கீழ் இயங்கின. எனவே ரேண்ட்விக் தொழிலாளர் அரசுத் தொழிலாளர். அவர்களுக்கு எதிரில் நின்ற முதலாளியும் அரசே.

ரேண்ட்விக் குதிரைப் பந்தய மைதானத்தை அடுத்திருந்த நிலத்தில் வளர்ந்த இப்பணிமனையே நகரின் டிராம்கள் அனைத்துக்கும் பெரும் பழுதுபார்ப்பு நிலையமாக இருந்தது. டிப்போ என்பது வேறு. பணிமனை என்பது வேறு. டிப்போவில் வண்டிகள் இரவில் நிற்கும், கழுவப்படும், அன்றாடச் சோதனை நடக்கும். பணிமனைக்கு வரும் வண்டியோ முற்றாகப் பிரிக்கப்படும். உடலைச் சக்கரத் தொகுதியிலிருந்து தூக்கிப் பிரிப்பார்கள். திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் உராய்ந்து ஓரிடத்தில் தட்டையாகிவிடும். அதைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மீண்டும் வட்டமாக்க வேண்டும். மோட்டாரில் சுருள் கருகியிருந்தால் பழைய கம்பியை உரித்தெடுத்துப் புதிய கம்பியைச் சுற்றி, மின்காப்புப் பூச்சிட்டு, சூளையில் உலர்த்த வேண்டும். பிரேக் கட்டைகள், மணல் தூவும் குழாய்கள், மின்கம்பியைத் தொடும் தண்டின் முனைச் சக்கரம் எனத் தேயும் பொருள்களுக்குக் கணக்கில்லை. அக்கால வண்டிகளின் உடல் பெரும்பாலும் மரம். மழையில் ஊறிய பொருத்துகளைத் தச்சர்கள் பிரித்து மாற்றுவார்கள். அதன்பின் வண்ணம், மெருகு, எழுத்து வேலை.

கொல்லர், வார்ப்பர், ஃபிட்டர், டர்னர், தச்சர், மின்பணியாளர், வண்ணம் பூசுவோர் என ஒரு டிராமைச் சுற்றி ஒரு சிற்றூரே இயங்கியது எனலாம். இவர்களில் பலர் சிறுவயதிலேயே பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்து, மூத்தவரின் பக்கத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் கற்றவர்கள். இரும்பு எந்த நிறத்துக்குச் சிவந்தால் சம்மட்டி விழ வேண்டும், தேய்ந்த தாங்கியை எவ்வளவு சுரண்டினால் தண்டு சிக்காமல் சுழலும் என்பன எந்த ஏட்டிலும் இல்லை. கையோடும் கண்ணோடும் இருந்த இந்த அறிவே தொழிலாளரின் ஒரே சொத்து. மேற்பார்வையாளர் ‘இந்த வேலையை முடி’ என்று சொல்லலாம். எவ்வளவு நேரத்தில் எப்படி முடிக்க முடியும் என்பதைச் சொல்லும் தகுதி வேலை செய்பவருக்கே இருந்தது.

இந்தச் சொத்தின்மீதுதான் ஃபிரெடெரிக் டெய்லர் கண் வைத்தார். அமெரிக்கப் பொறியாளரான அவர் 1911இல் வெளியிட்ட நூலில் ‘அறிவியல் மேலாண்மை’ என்னும் கொள்கையை விளக்கினார். தொழிலாளரிடம் சிதறிக் கிடக்கும் மரபறிவை நிர்வாகம் திரட்டி, வகைப்படுத்தி, விதிகளாக்கி, அவ்விதிகளின்படி வேலை வாங்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. இதற்கு முதற்கருவி நிறுத்துகடிகாரம். அதே 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் கடிகாரத்தோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது இக்கொள்கை அட்டை வடிவில் சிட்னிக்கு வந்தது. 1917 ஜூலையில் ரயில்வே, டிராம்வே ஆணையர்கள் இரு பணிமனைகளிலும் அட்டை முறையைப் புகுத்தினர். ஒவ்வொரு தொழிலாளரின் ஒவ்வொரு வேலைக்கும் தனி அட்டை. எத்தனை மணிக்குத் தொடங்கினார், எத்தனை மணிக்கு முடித்தார் என்பதைத் துணை மேற்பார்வையாளர் குறிப்பார். தொழிலாளர் தரப்பின் குறை தெளிவானது: தம் உழைப்பைப் பற்றி எழுதப்படும் பதிவைத் தாம் பார்க்கவோ திருத்தவோ வழியில்லை. ஒருவர் விரைவாக முடித்த நேரம் மற்றவர் அனைவரையும் அடிக்கும் கோலாகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. போர்க்காலத்தில் வேலை நிலைமைகளில் மாற்றம் செய்யப்படாது என அளிக்கப்பட்ட உறுதி மீறப்பட்டதென்ற சினமும் சேர்ந்துகொண்டது. விலைவாசி ஏறியிருந்தது, கட்டாய இராணுவச் சேவைக்கான 1916 பொதுவாக்கெடுப்பு தோற்ற கசப்பு ஆட்சியாளரிடம் மாறாமலிருந்தது. அட்டை அற்பமான காரணம் என்று அக்காலத்தில் சிலர் எழுதினர். நமக்கு அப்படித் தோன்றவில்லை.

மாநில முதல்வர் வெளிநாட்டிலிருந்ததால் ஜார்ஜ் ஃபுல்லர் பொறுப்பு வகித்தார். அவரது அரசு பேச்சுக்கு வழிவிடவில்லை. சிற்றூர்களிலிருந்து விவசாயிகளும், நகரின் கல்லூரி, உயர்குடிப் பள்ளி மாணவர்களும் ‘தொண்டர்கள்’ என்ற பெயரில் வேலைக்கு வரவழைக்கப்பட்டு, சிட்னி கிரிக்கெட் மைதானத்திலும் டரோங்கா விலங்குக் காட்சிச்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். (கருங்காலிகளை விலங்குக் காட்சிச்சாலையில் தங்கவைத்ததைத் தொழிலாளர் கேலி செய்யாமல் விட்டிருப்பார்களா?) ஆகஸ்ட் 30 அன்று கேம்பர்டவுனில் மெர்வின் ஃபிளானகன் என்னும் வண்டியோட்டி, வேலைநிறுத்தத்தை முறியடிக்க வந்த ஒருவர் சுட்டதில் உயிரிழந்தார். பெண்கள் ஊர்வலமாக நாடாளுமன்றம் சென்றனர். தெருக்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். எனினும் நிதியும் உணவும் தீர்ந்தன. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ரயில்வே, டிராம்வே தொழிற்சங்கத் தலைமை பணிந்தது. அட்டை முறை நீடித்தது. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் சிலர் மேலும் பல வாரங்கள் தாக்குப்பிடித்தனர்.

தோல்விக்குப் பின் நடந்ததே, எம் கணிப்பில், அட்டையின் உண்மையான பொருளைக் காட்டுகிறது. தொழிற்சங்கங்களின் பதிவு ரத்தாயிற்று. நிர்வாகத்துக்கு உகந்த ‘விசுவாசச்’ சங்கங்கள் தோன்றின. பலருக்கு வேலை மறுக்கப்பட்டது. திரும்பச் சேர்க்கப்பட்டோர் பணிமூப்பை இழந்தனர், நேற்று வந்தவருக்குக் கீழே நிற்க நேர்ந்தது. பாதர்ஸ்ட் நகர ரயில் எஞ்சின் ஓட்டுநர் பென் சிஃப்லி நீக்கப்பட்டு, பின்னர் தாழ்ந்த நிலையில் சேர்க்கப்பட்டார். அவர் 1945இல் நாட்டின் பிரதமரானார். ஈவ்லியின் ஃபிட்டர் ஜோசஃப் காஹிலின் பணிக்கோப்பில் ‘கிளர்ச்சியாளர்’ என்று குறிக்கப்பட்டது. அவர் 1952இல் மாநில முதல்வரானார். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானோரின் கோப்புகளில் இருந்த குறிப்பை அழிக்க எந்தப் பதவியும் வரவில்லை. 1925இல் ஆட்சிக்கு வந்த ஜாக் லாங் அரசே 1917 போராளிகளுக்குப் பணிமூப்பை மீட்டுத் தந்தது. அதற்குள் எட்டாண்டுகள் கழிந்திருந்தன.

இந்த வீர வரலாற்றை முழுமையாகக் காண வேண்டுமெனில், பணிமனைச் சுவருக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். அக்கால ஆஸ்திரேலியத் தொழிலாளர் இயக்கம், 1901 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வேரூன்றிய ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கையை உரத்து ஆதரித்த இயக்கம். ரேண்ட்விக்கில் பழுதுபார்க்கப்பட்ட டிராம்கள் தெற்கே லா பெரூஸ் கடற்கரை வரை ஓடின. அங்கு, பாதையின் முனையில், அரசு வாரியத்தின் கண்காணிப்பில் வாழ்ந்த பூர்வகுடி மக்களின் குடியிருப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிராமில் வந்திறங்கிய நகரத்தாரிடம் அவர்கள் சிப்பியால் செய்த கைவினைப் பொருள்களையும் பூமராங்குகளையும் விற்றனர். நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு. அது நீக்கப்பட்டது 1967இல். பணிமனைத் தொழிலாளர் தம்மைப் பிறர் எழுதுவதை எதிர்த்தனர். லா பெரூஸ் மக்களோ எண்ணப்படவே இல்லை.

இந்திய வாசகருக்கு இங்கே 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய ரயில்வே தலித் தொழிலாளர் மாநாடு நினைவுக்கு வரும். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளருக்கு இரு எதிரிகள் என அம்பேத்கர் அங்கு உரைத்தார். தலித்துகள் தண்டவாளப் பராமரிப்புக் கூலிகளாகவே நிறுத்தப்படுவதையும், ரயில்வே பணிமனைகளின் கைத்திறன் பதவிகள் அவர்களுக்கு எட்டாதிருப்பதையும் சுட்டிக்காட்டினார். சிட்னியின் நிறவெறியும் இங்குள்ள சாதியும் ஒன்றென நாம் சொல்லவில்லை. ஆனால் கருவியைத் தொட யாருக்கு உரிமை என்ற கேள்வியை, கருவியை வைத்திருப்போரின் சங்கம் தானாக எழுப்புவதில்லை என்பதை இரு வரலாறுகளிலும் காண்கிறோம்.

1930களில் சிட்னி உலகின் பெரும் டிராம் நகரங்களுள் ஒன்றாக விளங்கியது. 1945இல் 40 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் பதிவாயின. அதன்பின் காரும் பேருந்தும் வென்றன. பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட 1950களில் மாநில முதல்வராக இருந்தவர், 1917இல் ‘கிளர்ச்சியாளர்’ எனக் குறிக்கப்பட்ட அதே காஹில். பெனலாங் முனையில் இருந்த டிராம் டிப்போ 1958இல் இடிக்கப்பட்டு, அவர் முன்னெடுத்த ஒப்பெரா மாளிகையின் கட்டுமானம் 1959இல் அங்கே தொடங்கியது. கடைசி டிராம் 1961 பிப்ரவரி 25 அன்று லா பெரூஸ் பாதையில் ஓடியது. சேவையிலிருந்து விலக்கப்பட்ட வண்டிகளில் பயன்படும் உலோகத்தைக் கழற்றிக்கொண்டு, மர உடல்களை ரேண்ட்விக் பணிமனை வளாகத்திலேயே எரித்தனர். தச்சரும் வண்ணக்காரரும் பல்லாண்டு செப்பனிட்ட வண்டிகள் செப்பனிட்ட இடத்திலேயே சாம்பலாயின.

பணிமனை நிலத்தின் ஒரு பகுதி பின்னர் பேருந்து டிப்போவாகவும் இன்னொரு பகுதி பல்கலைக்கழக வளாகமாகவும் மாறியது. 2019 டிசம்பரில் ரேண்ட்விக்குக்கு இலகு ரயில் என்ற பெயரில் டிராம் திரும்பி வந்தது. வண்டிகள் பிரான்சின் லா ரோஷெல் நகர ஆலையில் செய்யப்பட்டவை; குதிரைப் பந்தய மைதானத்தை அடுத்து அவை இரவில் நிற்கின்றன. பழுதுபார்ப்பு வேறொரு புறநகரான லிலிஃபீல்டில், தனியார் கூட்டமைப்பின் ஒப்பந்தத்தின் கீழ் நடக்கிறது.