முதல் சொல் எங்கிருந்து வரும்? திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

பள்ளி நாட்களில் ஒரு சுதந்திர தின விழாவில் பேச ஏறினேன். "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்றதோடு சரி. அடுத்த வரி வரவே இல்லை. கீழே பசங்க சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. இறங்கி வந்துட்டேன். பல வருஷம் மைக் பக்கமே போகலை. ஆனா பஸ்ஸில் சில்லறைத் தகராறு என்றால் மூச்சு விடாமல் வாதாடுவேன். சண்டையில் வரும் பேச்சு மேடையில் ஏன் வரலை?

இந்தக் கேள்வியோடு படித்தபோதுதான் திருவெண்ணெய்நல்லூர்க் கதை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஊர் விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கிறது. கிருபாபுரீஸ்வரர் கோயிலுக்குத் தேவாரத்தில் அருட்துறை என்று பெயர்.

சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதித் தந்த ஓலை இருக்கு" என்கிறார். சுந்தரர் சிரிக்கிறார், "நீ பித்தனா?" என்று கேட்கிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கு என்கிறார் கிழவர். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது.

அந்த அவை நடத்திய விசாரணையைப் பாருங்கள். ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு என்று கிழவரிடமே கேட்கிறார்கள். ஓலையைக் கரணத்தான் வாசிக்கிறான். பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிடுகிறார்கள். சுந்தரர் தோற்றுப் போகிறார்.

"உங்கள் வீடு எது?" என்று கேட்டபோது கிழவர் கோயிலுக்குள் போய் மறைகிறார். வந்தவர் சிவன் என்று அப்போதுதான் தெரிகிறது. வன்மையாக வாதாடியதால் 'வன்தொண்டன்' என்று பெயர் சூட்டி, "எம்மைப் பாடு" என்கிறார் இறைவன்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணப் பந்தலில் அத்தனை பேர் முன்னால் வாய் ஓயாத மனுஷனுக்கு இப்போது நா எழவில்லை. எதை அறிந்து, என்ன சொல்லிப் பாடுவேன் என்று தயங்குகிறார். "முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு" என்று பதில் வருகிறது. 'பித்தா' என்று பதிகம் தொடங்குகிறது.

அடியெடுத்துக் கொடுப்பது நம் மரபில் புதுசில்லை. சேக்கிழாருக்கே 'உலகெலாம்' என்ற முதல் சொல் தில்லையில் கிடைத்ததாகச் சொல்வார்கள். சுந்தரர் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு: கிடைத்த சொல் அவருடையதேதான், கோபத்தில் அவரே சொன்னது. பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும் எப்படி முடிகிறது தெரியுமா? உனக்கு ஆளாகிவிட்டு இனி இல்லை என்று சொல்ல முடியுமா என்றுதான். காலையில் அவர் மறுத்த அதே அடிமை வழக்கு! தோற்ற வாதமே பாட்டாகிவிட்டது.

அவையஞ்சாமைக்கு என்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். போரில் சாகத் துணிந்தவர்கள் நிறைய உண்டு, அவையில் அஞ்சாதவர் சிலரே என்கிறார். அந்தப் பயம் ஒன்றும் நமக்கு மட்டும் வந்ததில்லை.

போன வருஷம் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்த முன்னுரையை மடித்துப் பையில் வைத்தேன். "சின்ன வயசில் ஒரு மேடையிலிருந்து பாதியில் இறங்கி ஓடினவன் நான்" என்று ஆரம்பித்தேன். கால் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த வரி வந்தது.