கதவு திறக்கும் வரை தட்டியவர்

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அறிவாளிகளே! எங்கள் அணியில் அமர்ந்திருக்கும் உழைப்பாளிகளே! (சிரிப்பு) வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

"மனித குலத்தின் வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது அறிவா? விடாமுயற்சியா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய தோழர், "விஞ்ஞானத்திலே முயற்சிக்கு என்னய்யா வேலை? மூளையிலே ஒரு மின்னல் அடிச்சாப் போதும்"னு சொல்லிட்டு, தண்ணியைக் குடிச்சிட்டு உட்கார்ந்துட்டார். ஐயா, விஞ்ஞானத்திலிருந்தே உங்களுக்குப் பதில் சொல்றேன். மின்னல் ஒரு விநாடி. மழை பெஞ்சு குளம் நிறையறதுக்கு எத்தனை நாள் ஆகும்?

நான் சொல்லப் போவது ஒரு டாக்டரின் வரலாறு. அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்து மருத்துவர். பேர் டென்னிஸ் ஸ்லேமன். அவர் எதிர்த்து நின்ற நோய் மார்பகப் புற்றுநோய்.

இந்தப் பேரைக் குடும்பத்தோடு பார்க்கிற மேடையிலே சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சொல்லித்தான் ஆகணும்னு முடிவு பண்ணினேன். ஏன்னா, சொல்லாமல் விட்டதாலேதான் எங்க பெரியம்மாவை நாங்க இழந்தோம். 1986. நான் பிளஸ் டூ படிச்சுக்கிட்டிருந்தேன். பெரியம்மா ஒரு வருஷமாக் கட்டியைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே மறைச்சு வச்சிருந்தாங்க. பெரியப்பாகிட்டக் கூடச் சொல்லலை. வெட்கம்! கடைசியிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்போ, டாக்டர் எங்க பெரியப்பா முகத்தைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துப் பேசினார். அந்த வீட்டிலே அதுக்கப்புறம் அதிகாலையிலே கோலம் போட ஆளில்லை.

அந்தக் காலத்திலே இந்த நோய்க்கு முக்கியமான வழி மூணு. கத்தியாலே வெட்டி எடுப்பது, கதிர்வீச்சாலே சுடுவது, மருந்து செலுத்துவது. அந்த மருந்துக்குக் கீமோதெரபின்னு பேர். வயக்காட்டுக்காரங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். களையை அழிக்க ஒரு மருந்து அடிக்கிறோம். பக்கத்திலே நிற்கிற பயிரும் சேர்ந்து வாடுது. முடி கொட்டுவதும், குமட்டலும், உடம்பு ஒடுங்கிப் போவதும் அதனாலேதான். களையை மட்டும் அடையாளம் கண்டு அடிக்கிற மருந்து ஒண்ணு வராதா? இதுதான் கேள்வி.

1980-களின் தொடக்கத்திலே, பாஸ்டன் பக்கத்திலே ராபர்ட் வெயின்பெர்க் என்பவரின் ஆய்வுக்கூடம். எலியின் நரம்புக் கட்டியை வைத்து அங்கே ஆராய்ச்சி நடந்தது. அந்தக் கூட்டத்திலே நம்ம நாட்டிலிருந்து போன லட்சுமி சரண் பாதி என்ற விஞ்ஞானியும் இருந்தார். செல்லைத் தாறுமாறாக வளரச் செய்யும் மரபணு ஒன்றின் தடம் 1982-இல் அங்கே கிடைத்தது. மனித உடம்பில் அதற்கு இணையான மரபணுவை ஜெனன்டெக் என்ற மருந்துக் கம்பெனியிலே ஆக்செல் உல்ரிக் என்ற ஜெர்மன்காரரும் அவர் குழுவினரும் 1985-இல் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் ஹெர்-2.

அது என்ன செய்யும்? செல்லின் மேலே காது மாதிரி ஒரு புரதத்தை முளைக்க வைக்கும். "வளரு"ங்கிற கட்டளையைக் கேட்கிற காது. அளவாக இருந்தால் தொல்லை இல்லை. சில கட்டிகளிலே அந்த மரபணு பல மடங்காகப் பெருகிக் கிடக்கும். அப்போ செல் முழுக்கக் காது! சும்மா இருந்தாலும் "வளரு, வளரு"ன்னு தப்பு அடிச்ச மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். நம்ம வீட்டிலே "டீ வேணுமா?"ன்னு கேட்டா மட்டும் கேட்கிற காது மாதிரி இல்லை, இது எந்நேரமும் கேட்கிற காது. (சிரிப்பு)

உல்ரிக் 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலே பேச வந்தார். கையிலே மரபணு இருக்கு. அது எந்த நோய்க்குக் காரணம்னு தெரியலை. கேட்டுக்கிட்டிருந்தவர் ஸ்லேமன். அவர் என்ன வச்சிருந்தார்? அறுவை சிகிச்சையிலே எடுத்த கட்டிகளின் துண்டுகளைக் குளிர்பெட்டியிலே சேர்த்து வச்சிருந்தார். நாம தோசை மாவைத் தவிர ஃப்ரிட்ஜிலே வேறென்ன சேர்த்தோம்? இரண்டு பேரும் கை கோத்தார்கள். வேறு ஊரிலிருந்தும் மாதிரிகள் வந்து, மொத்தம் 189 பெண்களின் கட்டிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதத்திலே ஹெர்-2 பெருகிக் கிடந்தது. அந்தப் பெண்களுக்குத்தான் நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. 1987 ஜனவரியிலே 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. பிறகு செய்த பெரிய ஆய்வுகள், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேருக்கு இந்த வகை வருவதாகக் காட்டின.

எதிரணித் தோழரே, குறிச்சு வச்சுக்குங்க. உங்க அறிவு தன் வேலையை 1987-இல் செய்து முடித்து விட்டது. எதிரி யாருன்னு தெரிஞ்சு போச்சு. மருந்து எப்போ வந்தது? 1998! நடுவிலே பதினோரு வருஷம் எங்கேய்யா போச்சு உங்க மின்னல்? (கைதட்டல்)

அந்தப் பதினோரு வருஷமும் ஒரு மனிதர் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தார். புற்றுநோய் மருந்திலே பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக் கொண்ட கம்பெனிகள் பல. அதனாலே ஜெனன்டெக் தயங்கியது. நண்பர் உல்ரிக்கும் கம்பெனியை விட்டு ஜெர்மனிக்குப் போய் விட்டார். ஸ்லேமன் அந்தக் கம்பெனியிலே சம்பளம் வாங்குகிறவர் இல்லை. ஆனாலும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து விமானம் ஏறிப் போவார். தாழ்வாரத்திலே நின்று, போகிற வருகிற அதிகாரிகளை மடக்கிப் பேசுவார். உள்ளே மைக்கேல் ஷெப்பர்ட் போல ஒரு சில விஞ்ஞானிகள் மட்டும் விளக்கை அணைய விடாமல் காத்தார்கள்.

பணத்துக்கு என்ன செய்தார்? அவர் சிகிச்சை செய்த நோயாளி ஒருவர், என்.பி.சி. தொலைக்காட்சியின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் பிராண்டன் டார்ட்டிகாஃப். அவர் மனைவி லில்லி, "என் கணவரைக் காப்பாத்தின டாக்டருக்கு நான் ஏதாவது செய்தாகணும்"னு கிளம்பிட்டாங்க. அழகுப் பொருள் விற்கும் ரெவ்லான் கம்பெனி முதலாளியைப் போய்ப் பார்த்தாங்க. பெரும் பணம் வந்து, ஆராய்ச்சி நின்று போகாமல் நடந்தது. அதனாலே வீட்டிலே லிப்ஸ்டிக் வாங்கினா இனிமேல் முணுமுணுக்காதீங்க. (சிரிப்பு)

அந்தக் காதைப் பொத்துகிற எதிர்ப்பொருள் ஒன்று எலியிடமிருந்து கிடைத்திருந்தது. எலியின் பொருளை மனுஷனுக்கு ஏற்றினால் உடம்பு ஏற்காது. நம்ம ஊரிலே ஒட்டு மாங்கன்று கட்டுறோமே, அதே மாதிரி, எதிரியைப் பிடிக்கிற நுனியை மட்டும் எலியிடமிருந்து எடுத்து, மனித எதிர்ப்பொருளிலே ஒட்டுக் கட்டினார்கள். 1990-இல் பால் கார்ட்டர் என்ற விஞ்ஞானி செய்து முடித்தார். அதுவே ஹெர்செப்டின்.

இப்போ வள்ளுவரைக் கூப்பிடுகிறேன். மருத்துவத்தை அவர் நாலு பங்காகப் பிரித்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். முதலிலே நோயாளியைத்தான் வச்சார்! 1992-இல் முதல் சோதனைக்குப் பதினைந்து பெண்கள் முன்வந்தார்கள். அதிலே ஓர் அம்மா. நோய் திரும்பிக் கழுத்திலே கட்டியாகத் தெரிந்தது. "போதும் டாக்டர், எனக்கு இனி எதுவும் வேண்டாம்"னு முதலிலே மறுத்து விட்டார். ஸ்லேமன் விடவில்லை, மறுபடி பேசினார். அந்த அம்மா சம்மதித்தார். கீமோவும் புது மருந்தும் சேர்ந்து ஏறின. கழுத்துக் கட்டி சில வாரங்களிலே கரையத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த அம்மா இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மருந்து கேட்டும் கிடைக்காமல் இறந்தவர்கள் உண்டு. 1994 டிசம்பரிலே பெண்கள் கார்களிலே ஊர்வலமாகப் போய்க் கம்பெனி வாசலிலே போராடினார்கள். அதன் பின் 1995-இல், சோதனைக்கு வெளியே இருந்தவர்களிலும் சிலருக்குக் குலுக்கல் முறையிலே மருந்து தந்தார்கள். உயிருக்குக் குலுக்கல்! கேட்கவே நெஞ்சு பதறுது.

பெரிய சோதனையிலே 469 பெண்கள். 1998 மே மாதம், தன் ஊரான லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த புற்றுநோய் மருத்துவர் மாநாட்டிலே ஸ்லேமன் முடிவை அறிவித்தார். 1998 செப்டம்பர் 25-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பின்னர் வெளியான கணக்குப்படி, முற்றிய நோயிலே கீமோ மட்டும் வாங்கியவர்களுக்குச் சராசரி ஆயுள் 20.3 மாதம், ஹெர்செப்டினும் சேர்ந்தவர்களுக்கு 25.1 மாதம்.

"பதினோரு வருஷம் பாடுபட்டு அஞ்சு மாசம்தானா?"ன்னு எதிரணியிலே ஒருத்தர் சிரிக்கிறார். ஐயா, மகள் கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிருக்கிற தாய்கிட்டப் போய்க் கேளுங்க, அஞ்சு மாசம்னா என்னன்னு! (நீண்ட கைதட்டல்) கதை அதோடு முடியவும் இல்லை. ஆரம்ப நிலையிலேயே இதைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005-இல் தெரிந்தது. சிலருக்கு இதயம் பலவீனமாகும் ஆபத்து உண்டு. அதனாலே இதயத்தைச் சோதித்துக் கொண்டேதான் கொடுக்கிறார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே சேர்த்தது. 2019-இல் ஸ்லேமன், உல்ரிக், ஷெப்பர்ட் மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

நம்ம நாட்டுக்கும் இதிலே பங்கு உண்டு. பெங்களூர் பயோகான் கம்பெனி இதற்கு நிகரான மருந்தை 2014-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை இறங்கியது. ஆனாலும் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இது பெரும் பாரம்தான். தட்ட வேண்டிய கதவு இன்னும் பாக்கி இருக்கு.

நடுவர் அவர்களே! வள்ளுவர் அறிவுடைமைக்கு ஒரு அதிகாரம் வச்சார். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமைன்னு முயற்சிக்கு அடுத்தடுத்து மூணு அதிகாரம் வச்சார். கல்வி, கேள்வியைக் கூட்டிக் காட்டி எதிரணி கணக்குச் சொல்லும், தெரியும். நான் அறிவைக் குறைத்துப் பேசலை. இந்தக் கதவுதான்னு காட்டியது அறிவு. அது திறக்கிற வரைக்கும் கை வலிக்கத் தட்டியது முயற்சி.

தாய்மார்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உடம்பிலே கட்டியோ மாற்றமோ தெரிஞ்சா மறைக்காதீங்க. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனா எல்லாக் கட்டியையும் டாக்டர் பார்க்கணும். ஆண்களே, வீட்டிலே பெண்கள் கூச்சமில்லாமச் சொல்ற மாதிரி நடந்துக்குங்க. எங்கேயோ ஒருத்தர் பதினோரு வருஷம் கதவைத் தட்டியிருக்கார். எங்க பெரியம்மா ஒரே ஒரு தடவை பெரியப்பாவைத் தட்டி எழுப்பிச் சொல்லியிருந்தா, ஒருவேளை இன்னும் சில வருஷம் அந்த வாசலிலே கோலம் இருந்திருக்கும்.

விடாமுயற்சியே என்று நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!