ஜாக்லின் அத்தையின் பொம்மை

பத்திரிகை ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் கவலை சந்தா. கதை, கட்டுரை எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்திரிகைகளுக்கு எழுதியே காலம் தள்ளுகிறவன் ஆனபடியால் இந்த ரகசியம் எனக்குத் தெரியும். சந்தா சேர்ப்பதற்குக் காலண்டர் கொடுப்பார்கள், கிண்ணம் கொடுப்பார்கள், குறுக்கெழுத்துப் போட்டி வைத்து வாசகர்களின் மண்டையைக் குழப்புவார்கள். ஆனால் பாரிஸ் நகரத்தில் 1905-ம் வருஷம் ஆன்ரி கோத்தியே என்ற பதிப்பாளர் செய்த யுக்திக்கு ஈடாக வேறொன்றை நான் கேள்விப்பட்டதில்லை. சிறுமிகளுக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி, ஒரு வருஷச் சந்தா கட்டினவர்களுக்கு ஒரு பொம்மையை அனுப்பிவைத்தார். பொம்மையின் உடம்பில் ஓர் உள்சட்டை மாத்திரம் இருந்தது. பாக்கி உடைகளை, பொம்மையைப் பெற்றுக்கொண்ட குழந்தையே தைத்துப் போட வேண்டும். எப்படித் தைப்பது? அதற்குத்தான் பத்திரிகை இருக்கிறதே! பொம்மை கையில் இருக்கிற வரையில் சந்தாவை நிறுத்த எந்தத் தாயாருக்குத் தைரியம் வரும்?

பத்திரிகையின் பெயர் 'லா ஸெமேன் த ஸ்யூஸெத்'. 'ஸ்யூஸெத்தின் வாரம்' என்று சொல்லலாம். முதல் இதழ் 1905 பிப்ரவரி 2-ந் தேதி வெளிவந்தது. பொம்மையின் பெயர் ப்ளுயெத். பிரான்ஸில் கோதுமை வயல்களின் நடுவே தானாக முளைக்கிற ஒரு நீலப் பூ உண்டு, 'ப்ளுயே' என்பார்கள். அந்தப் பூவோடு ஒட்டிய பெயர்தான் இதுவும். பளபளப்பில்லாத பீங்கானில் தலை, கண்ணாடிக் கண்கள், கூழில் வார்த்த உடம்பு, மடக்கி நீட்டக்கூடிய கை கால்கள். உயரம் 27 சென்டிமீட்டர். அதாவது 10½ அங்குலத்துக்குச் சற்று மேல். முதலில் தயாரான 20,000 பொம்மைகளும், முதல் இதழ் வெளிவருவதற்கு முன்பே தீர்ந்துபோய்விட்டன. கோத்தியே அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அந்த 27 சென்டிமீட்டரை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பொம்மைக்குத் துணி தைக்கக் கற்றுக்கொடுக்கும் பத்திரிகைகள் பிரான்ஸுக்குப் புதிதல்ல. 1863-லேயே 'லா பூப்பே மொதேல்' என்று ஒன்று தொடங்கிவிட்டது. ஆனால் ஊரிலுள்ள பொம்மைகள் எல்லாம் ஒரே அளவா? ஒரு வீட்டில் ஒரு சாண் பொம்மை. இன்னொரு வீட்டில் முழ பொம்மை. ப்ளுயெத்தோ எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே ப்ளுயெத்தான். ஆகையால் பத்திரிகையில் சட்டையின் மாதிரியை நிஜ அளவிலேயே அச்சடித்துவிடலாம். மெல்லிய காகிதத்தை வைத்துப் பிரதி எடுத்துத் துணியின் மேல் போட்டு வெட்ட வேண்டியதுதான். பாரிஸிலுள்ள பாங்கர் மகளும், எங்கோ மலையடிவாரத்திலுள்ள நோட்டரி மகளும் ஒரே வாரத்தில் ஒரே சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தொடர்கதையை ஒரே நாளில் ஆயிரம் வீடுகளில் படிக்கிற மாதிரிதான் இதுவும். 55 வருஷங்களில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் வெளிவந்தன. தையல் பகுதியை நடத்தியவர் பத்திரிகையின் முதல் ஆசிரியை ஜாக்லின் ரிவியேர். குழந்தைகளுக்கு அவர் 'ஜாக்லின் அத்தை'.

துணி தைப்பதாவது வெட்டி ஒட்டுகிற காரியம். பின்னல் வேலைக்கு ஜாக்லின் அத்தை இறங்கியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. பின்னலுக்குப் படம் போட்டுப் பிரயோஜனமில்லை. இத்தனை கண்ணி போடு, இத்தனை வரிசை பின்னு, இந்த இடத்தில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு என்று மந்திரம் போல் எழுதத்தான் முடியும். குரோஷா என்றால் ஓரளவு பரவாயில்லை. ஒரே கொக்கி ஊசி. ஒரு சமயத்தில் ஒரு கண்ணிதான் உயிரோடிருக்கும். தவறினால் அதை மாத்திரம் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு ஊசிப் பின்னலில் வரிசை முழுவதும் ஊசியின் மேல் உயிரோடு உட்கார்ந்திருக்கும். ஒரு கண்ணி நழுவினால் அடி வரையில் ஏணி இறங்கிவிடும். காலுறை பின்னுவதற்கோ நாலைந்து ஊசிகளை வட்டமாகப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ப்ளுயெத்தின் காலுக்குக் காலுறை என்றால் அது நம் விரலுக்கு உறை போடுகிற அளவுதான்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆறேழு வயதுக் குழந்தை ப்ளுயெத்தைப் போல் நாலு மடங்கு உயரம் இருப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ஸ்வெட்டருக்கு வாங்கிய கம்பளி நூலிலேயே பொம்மைக்கும் பின்னினால் என்ன ஆகும்? பொம்மை சிறுத்தாலும் கண்ணி சிறுக்காது. ஒவ்வொரு கண்ணியும் பொம்மைக்கு உள்ளங்கை அகலம் தெரியும். ஸ்வெட்டர் கயிற்றுக் கட்டில் மாதிரி ஆகிவிடும். நூலும் நாலில் ஒரு பங்கு மெல்லியதாக இருக்க வேண்டும், ஊசியும் அப்படியே. எட்டு வயது விரல்களுக்கு இது லேசான காரியமா? என் சகோதரி ஒருத்தி, பிறக்கப்போகிற குழந்தைக்கென்று ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். அது முடிந்தபோது குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் பொம்மைக்குப் போயிற்று. பொம்மைக்கும் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

இவ்வளவு சிரமத்தை ஒரு விளையாட்டு என்று பெயர் வைத்துக் குழந்தைகள் தலையில் கட்டுவானேன்? இங்கேதான் சரித்திரம் உள்ளே வருகிறது.

1882-ம் வருஷம் பிரெஞ்சு சர்க்கார் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பள்ளியில் என்னென்ன கற்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒரு ஜாபிதா கொடுக்கிறது. ஜாபிதாவின் கடைசியில் ஆண்பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சி. பெண்பிள்ளைகளுக்கு ஊசி வேலை. இந்த இரண்டையும் அருகருகே எழுதியவர்கள் வேறொன்றையும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது எனக்கு அந்த வரி சரியாக ஜீரணமாகவில்லை.

அதே சட்டம் பொதுப் பள்ளிகளின் பாடத்திலிருந்து மத போதனையை நீக்கியது. 1905 டிசம்பரில் மதத்தையும் அரசாங்கத்தையும் அடியோடு பிரித்து இன்னொரு சட்டமும் வந்தது. ஸ்யூஸெத் பத்திரிகை பிறந்தது அந்தச் சண்டை உச்சத்திலிருந்த வருஷத்தில். வசதியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் பெண்குழந்தைகளை மனத்தில் வைத்துத்தான் கோத்தியே அதை நடத்தினார். பொம்மையின் பெட்டியில் சேர்ந்த உடைகளில் கோவிலில் முதல் நற்கருணை வாங்கும்போது உடுத்தும் வெள்ளை உடையும் உண்டு. குழந்தை ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நல்ல பெண்ணாக வளர்வாள் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. குழந்தைகள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு விஷயம். தன் கையால் செய்த ஒரு சின்னத் தொப்பி, தன் பொம்மையின் தலையில் கச்சிதமாக உட்காரும்போது வருகிற சந்தோஷம் எந்தப் பாதிரியாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அதே முதல் இதழில் இன்னொரு பெண்ணும் பிறந்தாள். அச்சுக்குப் போகிற சமயத்தில் ஒரு பக்கம் காலியாக நின்றதாம். ஜாக்லின் ரிவியேர் தம் வீட்டு வேலைக்காரியின் அசட்டுத்தனம் ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு பக்கக் கதை எழுத, பான்ஷோன் என்ற ஓவியர் படம் போட்டார். அவள்தான் பெக்காஸீன், பிரெத்தான் நாட்டுப்புறத்திலிருந்து பாரிஸுக்கு வேலைக்கு வந்த பெண். பக்கத்தை நிரப்ப வந்தவள் பத்திரிகையையே நிரப்பிவிட்டாள். அவளுக்கு ஓவியர் பெரும்பாலும் வாயே வரைவதில்லை. எஜமானி வீட்டுப் பெண் ப்ளுயெத்துக்குப் பின்னிக்கொண்டே வேலைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம். பிரெத்தான்காரர்கள் நெடுநாள் பொறுத்திருந்தார்கள். 1939-ல் பெக்காஸீனைச் சினிமாவாக எடுத்தபோது கோபம் வெடித்தது. பாரிஸ் கிரேவான் காட்சிசாலையிலிருந்த பெக்காஸீனின் மெழுகுச் சிலையைச் சிலர் உடைத்தே போட்டார்கள். வாய் இல்லாத பொம்மைக்காக வேறு யாராவது பேசித்தானே ஆக வேண்டும்?

ப்ளுயெத்துக்கு வருவோம். 1905-ல் அவளைப் பெற்றுக்கொண்ட எட்டு வயதுச் சிறுமிக்கு 1914-ல் 17 வயது. யுத்தம் வந்துவிட்டது. முதல் குளிர்காலத்திலேயே அகழிகளிலிருந்த சிப்பாய்களுக்குக் கம்பளி உடைகள் போதவில்லை. பிரான்ஸ் தேசம் முழுவதும் ஸ்திரீகளும் பள்ளிக்கூடப் பெண்களும் கழுத்துத் துணி, காலுறை, கையுறை என்று பின்னி அனுப்பத் தொடங்கினார்கள். பொம்மையின் காலில் பழகிய விரல்கள் சிப்பாயின் காலுக்கு வந்தன. ராணுவப் பயிற்சியும் ஊசி வேலையும் கற்ற இரண்டு கூட்டமும் சட்டம் எழுதியவர்கள் வைத்த இடத்திலேயே நின்றன. அந்த யுத்தத்தில் மாண்ட பிரெஞ்சு வீரர்கள் 13 லட்சத்துக்கு மேல். அப்போது பொம்மைக்கும் செஞ்சிலுவை நர்ஸ் உடை வந்தது. 1916-ல் பாரிஸிலுள்ள அங்கஹீனர்களான சிப்பாய்களின் விடுதியில் இரண்டு ஸ்திரீகள் ஒரு வேலை ஏற்பாடு செய்தார்கள். காயம்பட்டவர்கள் துணியிலும் காகிதத்திலும் நீலப் பூ செய்து விற்பது. அதே ப்ளுயே பூ! மாண்ட வீரர்களை நினைத்து இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்வது அதைத்தான்.

யுத்தம் முடிந்த பிறகு நாகரிகம் தலைகீழாக மாறியது. வீட்டுப் பாட்டிமார்களின் சொத்தாக இருந்த பின்னல், பாரிஸ் சீமாட்டிகளின் மேலே ஏறி உட்கார்ந்தது. கழுத்தில் ஒரு 'போ' முடிச்சுப் போட்டிருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும்படி பின்னிய ஸ்வெட்டர் ஒன்றை 1927-ல் எல்சா ஸ்கியாபரெல்லி வெளியிட்டதும் அவர் பெயர் பிரசித்தமாயிற்று. ப்ளுயெத்தும் சும்மா இருப்பாளா? ஸ்வெட்டர், பனிச்சறுக்கு உடை, நீச்சல் உடை எல்லாம் அவளுக்கும் வந்தன. பின்னத் தெரியாதவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் தயாராகத் தைத்த உடைகளைக் கோத்தியே கம்பெனியே விற்றது. அதற்குத் தனி ஜாபிதாப் புத்தகமும் அச்சிட்டது. 1928-ல் பாம்பினோ என்று ஒரு தம்பிப் பாப்பாவும் பிறந்தான். வியாபாரம் வியாபாரம்தான்.

1933-ல் ஒரு சின்ன மாறுதல் நடந்தது. ப்ளுயெத்தின் உயரம் 27-லிருந்து 29 சென்டிமீட்டர் ஆயிற்று. கேவலம் இரண்டு சென்டிமீட்டர் அல்லவா என்று தோன்றும். ஆனால் 1905-ன் சிறுமி அந்த வருஷத்தில் 36 வயதுத் தாயார். பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கி, தான் பின்னிய சட்டையைத் தன் மகளின் புதுப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்திருந்தால் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றிருக்கும். முதுகில் பொத்தான் எட்டியிராது. துணியானால் பிரித்து விட்டுத் தைக்கலாம். பின்னல் கொஞ்சம் இழுத்தால் கொடுக்கும், அவ்வளவுதான்.

1940-ல் ஜெர்மானியர் பாரிஸுக்குள் நுழைந்தார்கள். பத்திரிகை நின்றது. 1941-ல் துணிமணிக்கும் பங்கீட்டு அட்டை வந்துவிட்டது. பழைய கம்பளி உடைகளைப் பிரித்து, நூலைக் கழுவி, நீவி, வேறு உடையாகப் பின்னிக்கொள்ளுகிற காலம். பின்னலுக்கு உள்ள விசேஷமே இதுதான். தைத்த சட்டையைப் பிரித்தால் துண்டுத் துணிகள் மிஞ்சும். பின்னிய சட்டையைப் பிரித்தால் நூல் மறுபடி நூலாகவே திரும்பிவிடும். சட்டை இருந்ததற்கு அடையாளமே இராது. போதாக்குறைக்கு அந்துப்பூச்சி வேறு. ஆகையால் இன்று நமக்குக் கிடைக்கிற பொம்மைக் கம்பளி உடை ஒவ்வொன்றும் பூச்சிக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தது. குழந்தையின் கையுறைக்கு நூல் வேண்டியிருந்தபோதும் யாரோ ஒருத்தி அதைப் பிரிக்கவில்லை.

1946-ல் பத்திரிகை மறுபடி வந்தது. அதற்கு முந்திய வருஷத்தில்தான் பிரெஞ்சுப் பெண்கள் முதல் தடவையாக வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ஜாக்லின் அத்தையிடம் கண்ணி எண்ணக் கற்ற முதல் சிறுமிகள் அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 1955-ல் ப்ளுயெத்துக்கு ரோஸெத் என்று ஓர் அக்காளை இறக்கிப் பார்த்தார்கள். காலம் திரும்பவில்லை. 1960 ஆகஸ்டில் கடைசி இதழ் வெளிவந்தது.

பத்திரிகை போனாலும் பொம்மை போகவில்லை. பாட்டிமார்களின் பரண்களிலிருந்து அவளைத் தேடியெடுத்துச் சேகரிப்பவர்கள் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் பெருகினார்கள். முதுகில் 2 என்ற இலக்கமும் உள்ளங்காலில் 1 என்ற இலக்கமும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். பழைய மாதிரிகளைத் திரும்ப அச்சிட்டு, புது நூலில் புதிதாகப் பின்னுகிறார்கள். வயதான விரல்கள், அபாரமான வேலை. ஜாக்லின் அத்தை பார்த்தால் மூக்கில் விரலை வைப்பார்.

ஏலத்தில் விலை ஏறுவது கோத்தியே ஜாபிதாவில் உள்ள கம்பெனி உடைகளுக்குத்தான். எந்த வருஷம், என்ன பெயர், என்ன விலை என்று அவற்றுக்குச் சாட்சியம் இருக்கிறது. சிறுமிகள் தாங்களே பின்னினவற்றைப் பெரும்பாலும் 'வீட்டில் செய்தது' என்று இரண்டு வார்த்தை எழுதி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அவற்றில் பெயர் இராது, தேதி இராது. கழுத்துப் பட்டிக்கு அருகில் இரண்டு கண்ணி தவறி, பின்னால் வேறு நிற நூலால் முடிச்சுப் போட்டு அடைத்திருக்கும். அந்த முடிச்சைப் போட்டது சிறுமியா, அவள் தாயாரா, சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த பிரெத்தான் வேலைக்காரியா? நான் ஏலத்துக்குப் போகிறவனாக இருந்தால் அதைத்தான் கேட்டு வாங்குவேன். விலையும் குறைவு.